பறக்கும்போது எந்தப் பக்கம் எப்படி பாக்கணும்: பைலட் ட்ரெய்னிங்ல புதுசா சேர்றவங்களுக்கு

என்னோட எட்டாவது ஃப்ளைட்னு நினைக்கறேன். இன்ஸ்ட்ரக்டர் "ரெண்டு மணி பக்கம் (கடிகாரத்துல 2 இருக்கற திசை) ஒரு ப்ளேன் வருது, தெரியுதா"ன்னு கேட்டார். வலது பக்கம் திரும்பி நல்லா தேடிப் பாத்தேன், ஒண்ணுமே தெரியல. "கண்ண ஓட விடாதீங்க, ஒரு எடத்துல நிறுத்திப் பாருங்க"ன்னார். நிறுத்தினேன், அப்பவும் இல்ல. "தலைய கொஞ்சம் முன்னாடி கொண்டுபோங்க"ன்னார். ஒரு சாண் குனிஞ்சதும் டோர் போஸ்ட்டுக்குப் பின்னாடி இருந்து ஒரு வெள்ளை ப்ளேன் வெளிய வந்துச்சு, இறக்கை, வால், பக்கவாட்டுல அடிச்சிருந்த நீலக் கோடு எல்லாம் தெரியற அளவுக்குப் பக்கத்துல. அது திடீர்னு வந்தது இல்ல, முக்கா நிமிஷமா அந்த போஸ்ட்டுக்குப் பின்னாடியேதான் இருந்திருக்கு.

எனக்கு பார்வை 6/6, கண் டாக்டர் ஒரு குறையும் சொன்னதில்ல. வானத்துல பாக்கறதுக்கு அது மட்டும் பத்தாதுன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அதுக்கப்புறம் இத சரி பண்ணவே கிட்டத்தட்ட ஆறு மணி நேர ஃப்ளையிங் காசு போச்சு, அதுல பாதிக்கு மேல தரையில சும்மா உக்காந்தே கத்துக்கிட்டிருக்கலாம். நீங்களாவது அந்தக் காச மிச்சம் பண்ணணும்னுதான் வரிசையா எழுதறேன். இங்க சொல்ற விதிகள் ஐசிஏஓ, அதாவது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்தது, உங்க நாட்டுல சின்னச் சின்ன மாற்றம் இருக்கலாம், அத உங்க நாட்டு ரூல் புக்ல ஒருதடவை சரிபாத்துக்கோங்க.

1. மெடிக்கல் முதல்ல, ஃபீஸ் அப்புறம்

நிறைய பேர் ஸ்கூல் ஃபீஸ கட்டிட்டு, யூனிஃபார்ம் தெச்சுட்டு, அதுக்கப்புறம் மெடிக்கல் போறாங்க. தயவுசெஞ்சு இத தலைகீழா பண்ணாதீங்க. பிரைவேட் லைசென்ஸுக்கு கிளாஸ் 2 மெடிக்கல் போதும், அதுக்கு ஒவ்வொரு கண்ணுக்கும் 6/12, ரெண்டும் சேந்து 6/9 இருக்கணும், கண்ணாடி போட்டு இந்த அளவு வந்தாலும் சரிதான். கமர்ஷியல் போகணும்னா கிளாஸ் 1, அதுல தனித்தனியா 6/9, ரெண்டும் சேந்து 6/6. வேலைக்காகத்தான் பறக்கப் போறீங்கன்னா பிரைவேட் லைசென்ஸ் ஸ்டேஜ்லயே கிளாஸ் 1 எடுத்துப் பாத்துடுங்க, ரெண்டு வருஷம் காசு செலவழிச்சப்புறம் கண்ணு பத்தாதுன்னு தெரியறது ரொம்ப கொடுமை.

இதுல பெரிய பள்ளம் கலர் பார்வைதான். பவர் குறைஞ்சா கண்ணாடி போட்டுக்கலாம், சிவப்பும் பச்சையும் குழம்பினா அதுக்கு கண்ணாடி கிடையாது. புள்ளிப் புள்ளியா இருக்கற படத்துக்குள்ள நம்பர் கண்டுபிடிக்கற இஷிஹாரா டெஸ்ட்தான் முதல்ல வைப்பாங்க, அதுல தவறினா உடனே எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நினைக்காதீங்க, லாந்தர் மாதிரி அடுத்த கட்ட டெஸ்ட் உண்டு, இல்லேன்னா பகல்ல மட்டும் பறக்கலாம்ங்கற கட்டுப்பாட்டோட குடுக்கற நாடுகளும் உண்டு. கலர் போட்ட கான்டாக்ட் லென்ஸ் மாட்டிட்டு டெஸ்ட்ல தேறிடலாம்னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க, அது விதிப்படியும் தப்பு, ராத்திரி வானத்துல உங்க உயிருக்கும் ஆபத்து. கீழ 6-லயும் 7-லயும் ஏன்னு புரியும்.

டைமிங்: ஐசிஏஓ கணக்குல கிளாஸ் 2, 40 வயசுக்குக் கீழ 60 மாசம் செல்லும், 40 தாண்டினா 24 மாசம். காலாவதி ஆகறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே அப்பாயின்ட்மென்ட் போடுங்க, சர்டிஃபிகேட் முடிஞ்ச நாள்லருந்து நீங்க தனியா பறக்க முடியாது, ட்ரெய்னிங் நடுவுல நின்னா கத்துக்கிட்டதும் மறக்கும், திரும்ப அதே பாடத்துக்கு காசு கட்டணும். கண்ணாடி போடறவங்க இன்னொரு ஜோடி கண்ணாடிய கைக்கு எட்டற எடத்துல வெச்சிருக்கணும், விதியே அப்படித்தான், பேக்ல பின் சீட்டுல போட்டா அது கைக்கு எட்டற எடம் இல்ல.

கூலிங் கிளாஸ் வாங்கறப்போ பொலரைஸ்டு வாங்காதீங்க. காக்பிட் ஸ்க்ரீன் சில கோணத்துல கறுப்பாயிடும், விண்ட்ஷீல்டுல வானவில் மாதிரி பட்டை பட்டையா தெரியும், இன்னொரு ப்ளேன் மேல வெயில் பட்டு வர்ற பளிச்சுங்கற மின்னலயும் அது வெட்டிடும், அந்த மின்னல்தான் பல தடவை நமக்குக் கிடைக்கற முதல் சிக்னலே. சாதா சாம்பல் கலர் லென்ஸ் போதும்.

2. எஞ்சின் போடறதுக்கு முன்னாடி: கண்ணாடி, சீட், மறைவு

விண்ட்ஷீல்ட நீங்களே தொடைங்க. பூச்சி அடிச்ச ஒரு புள்ளி இருந்தா மூளை அத ப்ளேன்னு நினைக்கும், கொஞ்ச நேரத்துல பழகிப்போய் நெஜமான ப்ளேனையும் பூச்சின்னு நினைக்க ஆரம்பிச்சிடும். பெரும்பாலான சின்ன ப்ளேன்ல அது அக்ரிலிக், வீட்டு ஜன்னலுக்கு அடிக்கற அம்மோனியா கலந்த ஸ்ப்ரே பட்டா மங்கிப்போய் நுண்ணுசா வெடிப்பு விடும். அதுக்குன்னு இருக்கற கிளீனர், மெத்துனு இருக்கற சுத்தமான துணி, மேலருந்து கீழ நேரா இழுக்கணும். வட்டமா தேச்சீங்கன்னா அந்தக் கீறல்கள் வெயில்ல மோதிரம் மோதிரமா மின்னும், சூரியன் பக்கம் பாக்கவே முடியாது.

சீட் உயரம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கணும். நான் ஒரு மாசம் இத கவனிக்கவே இல்ல, ஒவ்வொரு நாளும் மூக்கு வேற உயரத்துல தெரியும், லேண்டிங்கும் கெட்டுப்போகும்.

அப்புறம் மறைவு. ப்ளேன் நின்னுட்டிருக்கறப்போ பைலட் சீட்டுல உக்காந்து, ஒரு ஃப்ரெண்ட வெளிய மெதுவா சுத்தி நடக்கச் சொல்லுங்க. எங்கெல்லாம் அவர் மறைஞ்சுபோறாரோ அதெல்லாம் குறிச்சுக்கோங்க. ரெண்டு பக்க டோர் போஸ்ட், மூக்குக்குக் கீழ, இறக்கைக்கு மேலயோ கீழயோ, பின்னாடி முழுசா. இதுக்கு பத்து நிமிஷம் போதும், காசே கிடையாது, ஆனா யாரும் பண்றதில்ல.

இறக்கை மேல இருக்கற ப்ளேன்னா திரும்பற பக்கம் இறக்கை சாஞ்சு வந்து கண்ண மறைக்கும், அதனால திரும்பறதுக்கு முன்னாடி அந்த இறக்கைய லேசா தூக்கிப் பாத்துட்டு அப்புறம் திரும்புங்க. இறக்கை கீழ இருக்கற ப்ளேன்னா கீழ நடக்கறது தெரியாது. ரொம்ப மோசமான நிலை என்னன்னா ஃபைனல்ல, அதாவது ரன்வேக்கு நேரா வந்து இறங்கற கடைசிக் கட்டத்துல, கீழ் இறக்கை ப்ளேன் மேலயும், மேல் இறக்கை ப்ளேன் கீழயும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா இறங்கறது, ரெண்டு பைலட்டுக்கும் ஒருத்தர ஒருத்தர் தெரியவே தெரியாது. ஃபைனல்ல ரேடியோவ காது குடுத்துக் கேக்கச் சொல்றது இதனாலதான்.

ஏறும்போது மூக்கு தூக்கி முன்னாடி முழுசா மறைஞ்சிடும். நேரா ஏறிட்டே இருக்காம லேசா இடம் வலம்னு வளைஞ்சு வளைஞ்சு ஏறுங்க, மூக்குக்குப் பின்னாடி இருந்தது வெளிய வரும்.

3. கண்ண ஓட விடாம நிறுத்திப் பாக்கறது

இதுதான் இந்தக் கட்டுரையில முக்கியமான பாகம். நம்ம ரெண்டு கண்ணும் சேந்து கிட்டத்தட்ட 200 டிகிரி பாக்கும்னு சொல்லுவாங்க, ஆனா தெளிவா தெரியறது நடுவுல சுமார் 2 டிகிரி மட்டும்தான். மிச்சமெல்லாம் அசைவ கண்டுபிடிக்கும், ஆனா சின்னப் பொருளக் கண்டுபிடிக்காது. இன்னொண்ணு, கண்ணு ஒரு எடத்துலருந்து இன்னொரு எடத்துக்குத் தாவற அந்த நொடியில மூளை பார்வைய அணைச்சு வெச்சிடும். அதனால இடதுலருந்து வலதுக்கு சர்ர்ருனு கண்ண ஓட்டினா வானம் முழுக்க பாத்த மாதிரி திருப்தி இருக்கும், நெஜத்துல ஒண்ணும் பாத்திருக்க மாட்டீங்க. நான் எட்டு ஃப்ளைட் அப்படித்தான் ஓட்டினேன்.

செய்யவேண்டியது இதுதான். கைய முன்னாடி நேரா நீட்டி முஷ்டி மடக்குங்க, அந்த முஷ்டியோட அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. வானத்த முஷ்டி முஷ்டியா பிரிச்சுக்கோங்க. ஒரு முஷ்டி எடத்துல குறைஞ்சது 1 செகண்ட் கண்ண நிறுத்துங்க, அப்புறம் அடுத்தது. இடது பக்கம் 60 டிகிரி, வலது பக்கம் 60 டிகிரின்னா மொத்தம் 12 முஷ்டி, அடிவானத்துக்கு மேல ஒரு முஷ்டி கீழ ஒரு முஷ்டி அளவுக்குள்ள கண்ணு இருக்கணும். மேல கீழ பாக்கறதையும் சேத்தா ஒரு சுத்துக்கு 16 செகண்ட் ஆயிடும், அதுக்கப்புறம் உள்ள இருக்கற மீட்டர்கள 4, 5 செகண்ட் பாருங்க, திரும்ப வெளிய. உள்ள அஞ்சு செகண்டுக்கு மேல போகுதுன்னா அங்க பாக்கறத பாதியில விட்டுட்டு வெளிய வந்துடுங்க, மிச்சத்த அடுத்த சுத்துல பாத்துக்கலாம்.

மூடுபனி மாதிரி மங்கலா இருக்கற நாள், இல்ல மேகமே இல்லாத வெறும் நீல வானம், இது ரெண்டும் ஏமாத்தும். பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லாதப்போ கண்ணு தானாவே சில மீட்டர் தூரத்துல ஃபோகஸ் பண்ணிட்டு நின்னுடும், நமக்கு அது தெரியவே தெரியாது, தூரத்துல இருக்கற ப்ளேன் கலங்கி மறைஞ்சிடும். ஒவ்வொரு சுத்துக்கும் முன்னாடி தூரத்துல இருக்கற ஒரு மேக விளிம்பையோ தரையில ஒரு பெரிய கட்டடத்தையோ ஒரு செகண்ட் உத்துப் பாத்துட்டு, அந்த ஃபோகஸோட வானத்துக்கு வாங்க.

தலைய அசைக்கறதையும் பழகிக்கோங்க. ஒவ்வொரு கண்ணுலயும் நரம்பு வெளிய போற எடத்துல ஒரு குருட்டுப் புள்ளி இருக்கு, சாதாரணமா அடுத்த கண்ணு அத ஈடுகட்டிடும். ஆனா டோர் போஸ்ட் ஒரு கண்ண மறைச்சு, இன்னொரு கண்ணோட குருட்டுப் புள்ளி அதே எடத்துல விழுந்துச்சுன்னா அங்க ஒரு முழு ப்ளேனே காணாம போகும். ஒரு சாண் முன்னாடி, ஒரு சாண் பின்னாடி, அவ்ளோதான் வேணும்.

இத பஸ் ஸ்டாப்ல, மொட்டை மாடியில, எங்க வேணா பழகலாம். நான் தினமும் சாயந்திரம் 15 நிமிஷம் பறவைகள வெச்சுப் பழகினேன், ரெண்டு வாரத்துல வித்தியாசம் தெரிஞ்சுது. சிமுலேட்டர்ல பழகினா பெருசா உதவாது, ஸ்க்ரீன் எல்லாமே ஒரே தூரத்துலதான இருக்கு.

4. அசையாத புள்ளிதான் ஆபத்து

வேகமா குறுக்க போற ப்ளேன் சட்டுனு கண்ணுல படும், அது நம்ம மேல மோதாது. மோதப் போற ப்ளேன் விண்ட்ஷீல்டுல அதே எடத்துல ஒட்டவெச்ச மாதிரி நிக்கும், இடம் மாறாது, சைஸ் மட்டும் பெருசாகும். கண்ணுக்கு அசைவுதான் சுலபமா சிக்கும்னு மேல சொன்னேன்ல, இங்க அசைவே இல்ல. எனக்கு டோர் போஸ்ட்டுக்குப் பின்னாடி நடந்தது இதேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்க. செஸ்னா 172-ங்கற சின்ன ப்ளேனோட இறக்கை ஒரு முனையிலருந்து இன்னொரு முனை வரைக்கும் 11 மீட்டர். நீங்களும் 100 நாட், எதிர்ல வர்றதும் 100 நாட்னா செகண்டுக்கு 103 மீட்டர் நெருங்கறீங்க. ஒரு பொருள பாத்து, அது ப்ளேன்னு அடையாளம் கண்டு, மோதப் போகுதுன்னு புரிஞ்சு, எந்தப் பக்கம் திரும்பணும்னு முடிவு பண்ணி, கை அசைஞ்சு, ப்ளேன் திரும்ப ஆரம்பிக்கறதுக்கு 12.5 செகண்ட் ஆகும்னு அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏ-வோட கையேடு சொல்லுது. அதாவது சுமார் 1.3 கிலோமீட்டர். அந்த தூரத்துல அந்த இறக்கை அரை டிகிரிதான் தெரியும், கை நீட்டி சுண்டு விரல் நகத்த பாத்தா அதுல பாதி, அதுவும் நேர் எதிர்ல வர்றப்போ ஒரு மெல்லிசான கோடு. 6 செகண்ட் கழிச்சு அது ஒரு நகம் அகலம், இன்னும் 3 செகண்ட் கழிச்சு ரெண்டு நகம், அதுக்கப்புறம் கண்ணாடி முழுக்க அதுதான். கடைசி மூணு செகண்ட்ல நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது, அதனால அது கோடா இருக்கறப்பவே பிடிச்சாகணும்.

ஒரு புள்ளி தெரிஞ்சா அத விண்ட்ஷீல்டுல ஏதாவது ஒரு அடையாளத்தோட சேத்து வெச்சு ரெண்டு செகண்ட் பாருங்க, தலைய அசைக்காம. நகந்தா நல்லது. நகரலேன்னா உடனே திசைய மாத்துங்க. அடிவானக் கோட்டுக்கு மேல தெரிஞ்சா உங்களவிட உயரத்துல இருக்கு, கீழ தெரிஞ்சா தாழ, கோட்டு மேலயே உக்காந்திருந்தா உங்க உயரம், அதுக்குத்தான் முதல் கவனம்.

நேர் எதிர் வந்தா ரெண்டு பேரும் வலது பக்கம் திரும்பணும். குறுக்க வந்தா யாருக்கு வலது பக்கம் அடுத்தவர் இருக்காரோ அவர்தான் வழி விடணும். ஓவர்டேக் பண்றவர் வலது பக்கமா விலகிப் போகணும். இறங்கிட்டிருக்கற ப்ளேனுக்கு எப்பவும் முன்னுரிமை.

நடுவானத்துல மோதற விபத்துகள்ல பெரும்பாலானது நல்ல வெளிச்சத்துல, நல்ல வானிலையில, ஏர்ஃபீல்டுக்குப் பக்கத்துல நடக்கறதுதான், அதுலயும் பின்னாடி இருந்து வந்து இடிக்கறது நிறைய. மழை நாள்ல எல்லாரும் உஷாரா இருப்போம், வெயில் அடிக்கற நாள்லதான் அசந்துபோவோம்.

5. கடிகாரக் கணக்கும் ஏடிசி சொல்றதும்

மூக்கு 12 மணி, வலது இறக்கை 3 மணி, வால் 6, இடது இறக்கை 9. ஒவ்வொரு மணியும் 30 டிகிரி, அதாவது மூணு முஷ்டி. "டூ ஓ க்ளாக்"னு சொன்னா மூக்குலருந்து வலது பக்கம் ஆறு முஷ்டி எண்ணுங்க, பார்வை அங்க போய் நிக்கும். நான் எண்ணாம குத்துமதிப்பா பாத்ததாலதான் எப்பவும் 1 மணியிலயே நின்னேன்.

ஒரு பொறி சொல்றேன், இத யாரும் க்ளாஸ்ல அழுத்திச் சொல்றதில்ல. ஏடிசி, அதாவது தரையிலருந்து ப்ளேன்களுக்கு வழி சொல்ற கட்டுப்பாட்டு மையம், ரேடார்ல பாக்கறது நீங்க நகர்ற பாதைய, உங்க மூக்கு எந்தப் பக்கம் பாக்குதுங்கறத இல்ல. வலது பக்கக் காத்து அடிச்சு நீங்க மூக்க 20 டிகிரி வலதுக்குத் திருப்பிப் பறந்துட்டிருந்தா, அவங்க 12 மணின்னு சொல்ற ப்ளேன் உங்க கண்ணுக்கு 11 மணிக்கும் 12-க்கும் நடுவுல இருக்கும். காத்து பலமா இருக்கற நாள்ல சொன்ன எடத்துல இல்லேன்னா ரெண்டு முஷ்டி அப்படி இப்படித் தேடுங்க.

தெரிஞ்சா "ட்ராஃபிக் இன் சைட்", தெரியலேன்னா தெரியலன்னு சொல்லுங்க. வெக்கப்பட்டு "தெரியுது"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, நீங்க அப்படிச் சொன்னதும் விலகிப் போற பொறுப்பு உங்க கைக்கு வந்துடும்.

டேப்லெட்ல ட்ராஃபிக் காட்டற ஆப் இருந்தா நல்லது, ஆனா ட்ரான்ஸ்பாண்டர் (ப்ளேன் எங்க இருக்குன்னு சிக்னல் அனுப்பற கருவி) இல்லாத ப்ளேன், கிளைடர், பாராமோட்டார் எதுவும் அதுல வராது. ஸ்க்ரீன்ல திசைய மட்டும் எடுத்துக்கிட்டு கண்ணு வெளிய வந்துடணும்.

6. ராத்திரி: சிவப்பு, பச்சை, வெள்ளை

எல்லா ப்ளேனுக்கும் இடது இறக்கையில சிவப்பு, வலதுல பச்சை, வால்ல வெள்ளை. சிவப்பும் பச்சையும் மூக்குலருந்து 110 டிகிரி வரைக்கும், வால் வெள்ளை பின்னாடி 140 டிகிரிக்கும் தெரியும், மூணையும் கூட்டினா 360. அதனால எந்தக் கலர் தெரியுதுங்கறத வெச்சே அது எந்தப் பக்கம் போகுதுன்னு சொல்லிடலாம்.

வெள்ளை மட்டும்னா நீங்க அதுக்குப் பின்னாடி இருக்கீங்க. உங்க வலது பக்கத்துல சிவப்பு தெரிஞ்சா அது உங்களுக்கு முன்னாடி வலதுலருந்து இடதுக்குக் குறுக்க போகுது, வழி அதுக்குத்தான், நீங்க விடணும். உங்க இடது பக்கத்துல பச்சைன்னா வழி உங்களுக்கு, ஆனாலும் அவர் உங்கள பாத்தாரான்னு தெரியாது, கண்ண எடுக்காதீங்க. இடதுல பச்சையும் வலதுல சிவப்பும் ஒண்ணா தெரிஞ்சா நேர் எதிர்ல வருது, வலது பக்கம் திரும்புங்க.

இருட்டுக்கு கண்ணு முழுசா பழக சுமார் 30 நிமிஷம் ஆகும், ஒரே ஒரு தடவை ஃபோன் ஸ்க்ரீன் பளிச்சுனு அடிச்சா அத்தனையும் போச்சு. அரை மணி முன்னாடியே போய் வெளிச்சம் குறைஞ்ச எடத்துல உக்காருங்க, பேப்பர் வேலை எல்லாம் அதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. உள்ள சிவப்பு டார்ச் போட்டா இருட்டுப் பார்வை கெடாது, ஆனா மேப்ல சிவப்புல அச்சடிச்ச கோடெல்லாம் மாயமாயிடும், அதனால மங்கலான வெள்ளை டார்ச்சும் ஒண்ணு வேணும். கிட்டத்தட்ட 5,000 அடியிலருந்தே ஆக்ஸிஜன் குறைச்சல் ராத்திரிப் பார்வைய பாதிக்க ஆரம்பிக்கும், சிகரெட் பிடிக்கறவங்களுக்கு இன்னும் சீக்கிரம்.

மங்கலான லைட்ட நேரா பாக்காதீங்க, 5-லருந்து 10 டிகிரி பக்கத்துல பாருங்க, அப்பத்தான் தெரியும், ஏன்னா இருட்டுல வேலை செய்யற செல்கள் கண்ணோட நடுவுல இல்ல, ஓரத்துலதான் இருக்கு. தனியா ஒரே ஒரு லைட்ட உத்துப் பாத்துட்டே இருந்தா சில செகண்ட்ல அது தானா நகர்ற மாதிரி தோணும். நான் ஒருதடவை தரையில இருந்த ஒரு டவர் லைட்ட ப்ளேன்னு நினைச்சு அதுக்கு வழி விடப் பாத்தேன், இன்ஸ்ட்ரக்டர் கண்ட்ரோல எடுத்துக்கிட்டார். கண்ண நகத்திட்டே இருங்க, அந்த லைட்ட இன்னொரு லைட்டோட ஒப்பிட்டுப் பாருங்க.

7. டவர்லருந்து வர்ற லைட்

ரேடியோ போயிடுச்சுன்னா ட்ரான்ஸ்பாண்டர்ல அதுக்கான கோடு 7600 போட்டுட்டு, சர்க்யூட்ல (இறங்கறதுக்கு ரன்வேய சுத்தி வர்ற பாதை) சேந்து டவர பாத்துட்டே இருக்கணும். டவர் கண்ணாடிக்குள்ளருந்து லைட் கன்னால அடிப்பாங்க, அது ஒல்லியான ஒளிக்கற்றை, நேரா உங்க மேல பட்டாத்தான் தெரியும். பயிற்சிக்கு எனக்குக் காட்டச் சொன்னப்போ நான் ரன்வேயவே பாத்துட்டிருந்து ரெண்டு தடவை தவற விட்டேன்.

வானத்துல இருக்கறப்போ: நிலையான பச்சைன்னா இறங்கலாம். நிலையான சிவப்புன்னா மத்தவங்களுக்கு வழி விட்டு சுத்திட்டே இருங்க. விட்டு விட்டுப் பச்சைன்னா இறங்கறதுக்குத் திரும்பி வாங்க. விட்டு விட்டு சிவப்புன்னா ஏர்ஃபீல்டு பாதுகாப்பா இல்ல, இறங்காதீங்க. விட்டு விட்டு வெள்ளைன்னா இங்கயே இறங்கி ஏப்ரனுக்கு (ப்ளேன் நிறுத்தற எடம்) வாங்க.

தரையில: நிலையான பச்சைன்னா டேக்ஆஃப் பண்ணலாம், விட்டு விட்டுப் பச்சைன்னா டாக்ஸி பண்ணலாம், நிலையான சிவப்புன்னா நில்லுங்க, விட்டு விட்டு சிவப்புன்னா ரன்வே பகுதிய விட்டு விலகுங்க, விட்டு விட்டு வெள்ளைன்னா கிளம்பின எடத்துக்கே திரும்புங்க.

எல்லாரும் தவறற எடம் விட்டு விட்டு வர்ற பச்சை. அது இறங்கற அனுமதி இல்ல. அதுக்கப்புறம் நிலையான பச்சை வந்தாத்தான் இறங்கணும். பாத்துட்டீங்கன்னு தெரிவிக்க பகல்ல இறக்கைய ஆட்டுங்க, பேஸ்லயும் (ஃபைனலுக்கு முந்தின கட்டம்) ஃபைனல்லயும் ஆட்ட வேணாம், ராத்திரின்னா லேண்டிங் லைட்ட ரெண்டு தடவை போட்டு அணைங்க.

இத ஒரு சின்ன அட்டையில எழுதி முழங்கால் பலகையில ஒட்டி வெச்சுக்கோங்க. ட்ராஃபிக் இல்லாத நேரமா பாத்து டவர்கிட்ட பயிற்சிக்கு லைட் காட்ட முடியுமான்னு கேளுங்க, முடிஞ்சா காட்டுவாங்க.

8. இறங்கும்போது தரையிலருந்து வர்ற சிக்னல்

ரன்வே பக்கத்துல, வழக்கமா இடது பக்கம், நாலு லைட் வரிசையா இருக்கும், பாப்பின்னு சொல்லுவாங்க. ரெண்டு வெள்ளை ரெண்டு சிவப்புன்னா சரியான சரிவுல வர்றீங்க, பெரும்பாலும் அது 3 டிகிரி. மூணு வெள்ளைன்னா கொஞ்சம் உயரம், நாலும் வெள்ளைன்னா ரொம்ப உயரம். நாலும் சிவப்புன்னா ரொம்பத் தாழ வந்துட்டீங்க, உடனே சரி பண்ணுங்க, யோசிக்கற நேரம் இல்ல.

ராத்திரி ரன்வே ஓரம் வெள்ளை, ஆரம்பம் பச்சை, முடிவு சிவப்பு, டாக்ஸிவே ஓரம் நீலம். விண்ட்சாக்க (காத்து அடிக்கற பக்கத்தக் காட்டற துணிக்குழாய்) டவுன்விண்ட்லயே, அதாவது ரன்வேக்குப் பக்கவாட்டுல எதிர்த்திசையில பறக்கறப்பவே, ஒருதடவை பாத்துடுங்க. சிவப்புச் சதுரத்துல மஞ்சப் பெருக்கல் குறி போட்டிருந்தா இறங்கத் தடை.

9. பக்கத்துல போர் விமானம் வந்தா

நடக்கறது அபூர்வம், ஆனா தடை பண்ணின பகுதிக்குள்ள தெரியாம நுழைஞ்சா வரலாம். வழக்கமா உங்களுக்குக் கொஞ்சம் முன்னாடி, கொஞ்சம் மேல, இடது பக்கத்துல வந்து இறக்கைய ஆட்டும். நீங்களும் இறக்கைய ஆட்டிட்டு அது பின்னாடியே போங்க, அவசர ரேடியோ அலைவரிசை 121.5-ல பேசுங்க, வேற சொல்லாத வரைக்கும் ட்ரான்ஸ்பாண்டர்ல 7700 போடுங்க. அது சட்டுனு 90 டிகிரிக்கு மேல ஏறித் திரும்பிப் போச்சுன்னா நீங்க உங்க வழியில போகலாம்னு அர்த்தம். இதத் தவிர்க்க ஒரே வழி, கிளம்பறதுக்கு முன்னாடி நோட்டம் (NOTAM, பைலட்டுகளுக்கு வர்ற அறிவிப்பு) படிக்கறதுதான்.

10. கையில இருக்கவேண்டியது, மிச்சம் பண்ணக்கூடியது

லைசென்ஸ், மெடிக்கல் சர்டிஃபிகேட், அதுல எழுதியிருக்கற கட்டுப்பாட்டுக்கு ஏத்த மாதிரி ரெண்டாவது கண்ணாடி, காலாவதி ஆகாத மேப், அன்னிக்கு நோட்டம், ஏர்ஃபீல்டு சார்ட், லைட் சிக்னல் அட்டை, ரெண்டு டார்ச். சார்ட்ல டவர் ரன்வேக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு முன்னாடியே பாத்து வெச்சுக்கோங்க, ரேடியோ போனதுக்கப்புறம் தேடறதுக்கு நேரம் இருக்காது.

ஐசிஏஓ கணக்குல பிரைவேட் லைசென்ஸுக்கு குறைஞ்சது 40 மணி நேரம் பறக்கணும், நிறைய பேருக்கு அதுக்கு மேலதான் ஆகுது. மீட்டர் ஓடற நேரத்துல முஷ்டிக் கணக்கும் கலர் கணக்கும் கத்துக்காதீங்க, அது தரையிலயே முடியற வேலை. மத்த ஸ்டூடன்ட் பறக்கறப்போ பின் சீட் காலியா இருந்தா இன்ஸ்ட்ரக்டர்கிட்ட அனுமதி கேட்டு ஏறிக்கோங்க, கையில வேலை இல்லாம வெளிய மட்டும் பாத்துட்டே ஒரு மணி நேரம் கிடைக்கும், எனக்கு அதுலதான் ரொம்ப முன்னேற்றம் வந்துச்சு. உங்ககூட யாராவது பயணியா வந்தா அவங்களுக்கும் கடிகாரக் கணக்க ரெண்டு நிமிஷம் சொல்லிக் குடுங்க, கூட ரெண்டு கண்ணு கிடைக்கும்.

இறங்கினதும் லாக்புக் எழுதறப்போ ஒரு நோட்டுல இன்னொரு கணக்கும் எழுதுங்க: அன்னிக்கு மொத்தம் எத்தன ப்ளேன் தெரிஞ்சுது, அதுல இன்ஸ்ட்ரக்டரோ ஏடிசியோ சொல்றதுக்கு முன்னாடி நானே பாத்தது எத்தன. டோர் போஸ்ட் சம்பவத்துக்கு அடுத்த ஃப்ளைட்டுல எனக்கு அஞ்சுல ஒண்ணு. சோலோ போறதுக்கு முந்தின நாள் ஆறுல அஞ்சு, அந்த விட்டுப்போன ஒண்ணு எங்க இருந்துச்சுன்னும் எழுதி வெச்சிருக்கேன்: 7 மணி, இடது வாலுக்குப் பின்னாடி, எங்களவிட வேகமா, அதே உயரத்துல.